அமாவாசையில் மட்டும் தெரிந்த காமாக் கதிர்

இரட்டை விண்மீன் என்றதும் கல்யாண மண்டப வாசலில் ஜோடியாகத் தொங்கும் சீரியல் விளக்குகளைக் கற்பனை செய்துகொள்பவர்களுக்காக நான் எழுதவில்லை. ஆயினும் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள் என்பதை அனுபவத்தில் அறிவேன். ஆகவே அரைப்பக்க விளக்கத்தைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

வடவானில் ஒரு ஜோடி இருக்கிறது. ஒன்று, நம் சூரியனைப்போலப் பல மடங்கு பருத்த நீல விண்மீன். மற்றது, வெடித்துச் செத்த இன்னொரு விண்மீனின் மிச்சம். அதைச் சேலத்தில் வைத்தால் பக்கத்திலுள்ள குப்பனூரைத் தாண்டாது, ஆனால் எடையில் சூரியனையே மிஞ்சும். இவை இரண்டும் ஏறக்குறைய இருபத்தாறு நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. நெருங்கும்போது பருத்ததிலிருந்து வீசும் காற்றும் செத்ததிலிருந்து வீசும் காற்றும் மோதுகின்றன. அந்த மோதலில் மிக உயர்ந்த ஆற்றலுள்ள காமாக் கதிர் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட லட்சம் கோடி மடங்கு ஆற்றலுடைய கதிர் அது. பூமிக்கு வந்தால் காற்றுமண்டலத்தின் உச்சியிலேயே உடைந்து, கணத்தின் கோடியில் சில பங்குகூட நீடிக்காத ஒரு நீலப் பொறியாகச் சிதறிவிடும். அந்தப் பொறியைத்தான் ஆடிகளால் பிடிக்க வேண்டும். நிலா இருந்தால் பிடிக்க முடியாது. மேகம் இருந்தால் முடியாது. பக்கத்தில் ஒரு விடுதிக்காரன் தன் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் பச்சையும் ஊதாவுமாக விளக்குப் போட்டிருந்தாலும் முடியாது. ஏற்காட்டில் இன்று அப்படி விளக்குப் போடாத விடுதிக்காரனைத் தேடிக் கண்டுபிடிப்பது காமாக் கதிரைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் கடினம்.

இவ்வகை ஜோடிகளில் காமாக் கதிர் உறுதியாகக் காணப்பட்டவை மிகச் சில. நாங்கள் எடுத்துக்கொண்ட ஜோடி அப்பட்டியலில் இல்லாதது. அதுதான் ஆசைக்குக் காரணம். ஆசை என்ற சொல்லை நான் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன்.

நாங்கள் என்பது யார் என்று சொல்லிவிட வேண்டும். சமவெளியில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக் குழு, ஏற்காட்டு மலைக் கிராமமான வாழவந்திக்கு மேலே, பயன்படாமல் கிடந்த ஒரு காப்பி உலர்த்தும் களத்தில் நான்கு ஆடிகளையும், ஒவ்வோர் ஆடிக்கும் எதிரே பொறிகளை உணரும் ஒளிக்குழாய்கள் அடங்கிய ஒரு பெட்டியையும், எல்லாவற்றுக்கும் மேலே நகரும் தகரக் கூரையையும் நிறுவியது. சின்னக் கருவி, பரீட்சார்த்தக் கருவி. அதன் தலைவி நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. ஒல்லியானவர், அதிகம் பேசாதவர், என்னிடம் பயமில்லாதவர். கடைசிக் குணம் எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. இடப் பொறுப்பாளர் என்ற பட்டத்தோடு, ஊதியமில்லாமல், நான் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். சேலத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவராக ஓய்வுபெற்று ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டவன் என்பதாலும், இளமையில் ஆறாண்டு வேறொரு மலையில் இதே கதிரைத் தேடும் வேலையைச் செய்தவன் என்பதாலும் அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது.

அந்த ஆறாண்டில் நான் எதைக் கண்டேன் என்று கேட்காதீர்கள். எதைக் காணவில்லை என்று கேளுங்கள். அன்று உலகெங்கும் இரட்டை விண்மீன்களிலிருந்து காமாக் கதிர் வருவதாக ஆளுக்கொரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றை நம்புவாரில்லை. ஒரு கருத்தரங்கில் என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் அப்படியொரு கண்டுபிடிப்பை வாசித்தார். நான் எழுந்து, எத்தனை சுற்றுக்காலங்களை முயன்று பார்த்துவிட்டு இந்த ஒன்றைத் தேர்ந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். எண்ணற்றவற்றை முயன்றால் ஏதாவதொன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும்; அவர் கணக்கே வைத்திருக்கவில்லை. கூட்டம் சிரித்தது. அதன்பிறகு அவர் அந்தத் துறையில் ஒரு கட்டுரையும் எழுதவில்லை. எனக்கோ, கறாரானவன் என்ற பெயர் நிலைத்தது. முப்பத்தைந்து ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையை நான் அந்தப் பெயரில்தான் ஓட்டினேன். வேறு சொத்து எனக்கில்லை.

கருவியை இயக்குவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாழவந்தியில் மிளகும் ஆரஞ்சும் போட்டிருக்கும் மலைக்குடியானவர் ஒருவரை நியமித்தேன். ஐம்பது வயது. எஸ்டேட்டில் மின்வேலைக்காரரோடு நெடுங்காலம் உதவிக்கு இருந்தவர். குழுவிலிருந்து வந்த இரண்டு எம்.டெக். பட்டதாரிகளுக்கு ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஐயமிருந்த காலத்தில், இவர் எரிந்த மோட்டாரை நாற்றத்திலேயே இனம் காண்பார். பார்வைப் பதிவேட்டை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதுவார். நான் குறைசொல்ல முடியாத மனிதர்கள் என் வாழ்வில் குறைவு. அவர் அவர்களில் ஒருவர்.

வேலை எளிமையானது. அரைமணி நேரம் ஆடிகள் விண்மீனைப் பார்க்கும். அடுத்த அரைமணி, அதே உயரத்தில், ஒன்றுமில்லாத வெறும் வானத்தைப் பார்க்கும். முதலாவதில் வந்த பொறிகளிலிருந்து இரண்டாவதில் வந்தவற்றைக் கழித்தால், மிஞ்சுவது விண்மீனுடையது. ஒரு நாள் விண்மீனில் தொடங்கினால் மறுநாள் வெறும் வானத்தில் தொடங்க வேண்டும் என்பது தலைவி எழுதிக்கொடுத்த விதி. கருவி சூடேறும்போது ஏதேனும் கோணல் இருந்தால் அது இரு பக்கமும் சமமாக விழட்டும் என்பதற்காக. நல்ல விதி. அதைத் தகரக் கொட்டகையின் கதவில் ஒட்டியவன் நானே.

கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் தொடங்கி, தை முடியும்வரை, நிலவில்லாத இரவுகள் கொண்ட மூன்று இருட்டுப் பருவங்கள் பார்த்தோம். பனிமூட்டம் எங்களை மதிக்கவில்லை; வார இறுதியில் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்க்காரர்களும் மதிக்கவில்லை. அவர்களில் ஒரு குடும்பம் எங்கள் ஆடிகளுக்கு முன்னால் நின்று தலைவாரிப் படமெடுத்துக்கொண்டது. பல ஆயிரம் ஒளியாண்டுகளுக்கப்பாலிருந்து வரும் கதிருக்காக மெருகேற்றப்பட்ட பரப்பில் ஒரு பெண்மணி உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "ரிசார்ட்டோட செல்ஃபி பாயிண்ட்டுன்னு நெனச்சோம் அங்கிள்" என்றார். அங்கிள்!

மாசியில் தலைவியின் கணினி ஒரு வரைபடத்தை வரைந்தது. இருபத்தாறு நாள் சுற்றை நான்கு பங்காகப் பிரித்ததில், மூன்று பங்கில் ஒன்றுமில்லை. ஒரு பங்கில் மட்டும் கதிர் எழும்பி நின்றது. சுற்றின் ஒரே பக்கத்தில் மட்டும்! இரண்டும் நெருங்கும் இடத்தில்தான் அது என்று ஒருவர் விரும்பினால் வாதாடலாம். நான் விரும்பினேன், வாதாடினேன்.

"இன்னும் ஒரு சீசன் பார்க்கணும், சார்" என்றார் தலைவி, தொலைபேசியில்.

"பார்க்கலாம். அதுவரை இது என்னவாம்?"

"படம், சார். வெறும் படம்."

இந்தப் பெண்மணிக்குத் துணிவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. நான் பணியாற்றிய கல்லூரியின் இன்றைய முதல்வர் அந்த வாரம் வேறொரு காரியமாக அழைத்தபோது, ஒரு ஜோடியில் ஏதோ தென்படுகிறது என்று சொல்லிவிட்டேன். ஒரே வாக்கியம். 'உறுதியாகும்வரை வெளியே விடவேண்டாம்' என்ற இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தேன். ஆனால் அந்த முதல்வர் வாழ்நாளில் எதையும் இரண்டாவது வாக்கியம்வரை கேட்டவரல்லர் என்பதை, அவர் எனக்குக் கீழே பதினைந்தாண்டு வேலைபார்த்தும் நான் மறந்துபோனேன். பத்தே நாளில் பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'அண்டத்தின் மர்ம ஒளியை ஏற்காட்டிலிருந்து உலகுக்கு ஈந்த' என்று தொடங்கி என் பெயருக்கு முன்னால் நான்கு வரி. செய்தித்தாளின் உள்ளூர்ப் பதிப்பில் ஒரு செய்தியும் வந்தது. அதில் காமாக் கதிர் புற்றுநோய்க்கு மருந்து என்று கூடுதலாக ஒரு தகவலும் இருந்தது.

அழைப்பிதழை நான் திருப்பியனுப்பவில்லை. மேசைமீது, வருகிறவர்கள் கண்ணில் படுமாறு வைத்திருந்தேன். இதை மறைத்துவிட்டு முதல்வரை மட்டும் ஏளனம் செய்வது நேர்மையாகாது.

விழாவுக்கு எட்டு நாள் முன்னால், காலைப் பஸ்ஸில் தலைவி வந்து இறங்கினார். தகவல் சொல்லிவிட்டு வரும் வழக்கமுடையவர் அன்று சொல்லாமல் வந்தார். என் முன்னறையில் உட்கார்ந்து, அழைப்பிதழைப் பார்த்தார். பையிலிருந்து பார்வைப் பதிவேட்டின் நகலை எடுத்து விரித்தார்.

"சார், இதுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்தி மாத்தித் தொடங்கியிருக்காங்க. சரியாத்தான் இருக்கு. மூணு நாள் மட்டும் இடிக்குது. முறைப்படி வெறும் வானத்துல தொடங்க வேண்டிய நாள். ஆனா விண்மீன்ல தொடங்கியிருக்காங்க."

"மூன்று நாள் பிசகுவது பெரிய விஷயமா?"

"அந்த மூணு நாளும் அமாவாசை, சார்."

நகலை என் பக்கம் இழுத்து மூன்று தேதிகளையும் பார்த்தேன்.

"கதிர் வர்ற பங்குல இருந்து அந்த மூணு நாளையும் எடுத்துட்டா, அங்கேயும் ஒண்ணுமில்ல. அமாவாசை இருபத்தொம்பதரை நாளைக்கு ஒருக்கா. நம்ம ஜோடி இருபத்தாறரை நாளைக்கு ஒருக்கா. மூணு மாசந்தானே? மூணு அமாவாசையும் சுத்துல கிட்டத்தட்ட ஒரே பக்கத்துல வந்து விழுந்திருக்கு."

அமாவாசையன்று வானம் மிக இருண்டிருப்பதால் கருவியின் கூர்மை கூடியிருக்கலாம் என்று நான் ஒரு விளக்கம் அளித்தேன். கம்பீரமான விளக்கம். பத்து நிமிடம் அளித்தேன்.

"இருட்டுன்னா ரெண்டு அரைமணிக்கும் இருட்டுதானே, சார்?" என்றார் அவர். பிறகு மெதுவாக, "அமாவாசை அன்னிக்கு அங்கே என்ன நடக்குதுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

வயதில் என் மகளாக இருக்கக்கூடிய ஒருவர் என் முன்னறையில் என்னைக் கழித்தல் கணக்கில் பிடித்துவிட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கருவியை இயக்கும் வாழவந்திக்காரரை அவருடைய மிளகுத் தோட்டத்தில் பிடித்தோம். ஏணிமேல் இருந்தார். எங்களைக் கண்டதும் இறங்கிவந்து துண்டை உதறிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. அம்மணியும் வந்திருக்கறாங்களா? ஊட்டுக்கு வாங்க, மோரு குடிச்சிட்டுப் போலாமுங்க."

"மோர் இருக்கட்டும். ஏப்பா, அமாவாசையன்று கொட்டகையில் என்ன செய்தாய்?"

"வேலைதானுங்க செஞ்சோம்."

"வேலைக்கு முன்னால்?"

அவர் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. "பூசை போட்டோமுங்க. மிசினுன்னா அமாவாசைக்கு அமாவாசை சூடம் காட்டோணுமில்லீங்களா? எஸ்டேட்டுல காப்பிப்பழம் தோலுரிக்கற மிசினுக்கே காட்டுவோமுங்க. லாரிக்குக் காட்டறாங்க, டிராக்டருக்குக் காட்டறாங்க. இது எத்தன பெரிய மிசினு!"

"சூடத்தை எங்கே காட்டினீங்க?" என்று தலைவி கேட்டார்.

"ஆடிக்கு மொதல்ல காட்டுனேனுங்க. அப்பறம் அந்தப் பொட்டி மூடியக் கழட்டிப்போட்டு, உள்ளார இருக்கற குழாய்க்கெல்லாம் காட்டுனேனுங்க. அதுதானுங்களே மிசினோட கண்ணு? கண்ணுக்கு நேராக் காட்டுனாத்தானுங்க பூசை. கரண்டு போடறதுக்கு முந்தித்தானுங்க. கரண்டு போட்டப்பறம் வெளிச்சமே ஆகாதுன்னு சொல்லியிருந்தீங்க. மறக்குலீங்க."

தலைவி கண்ணை மூடித் திறந்தார். மின்சாரம் இல்லாதபோதும் அந்தக் குழாய்கள் வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். பிறகு மின்சாரம் கொடுத்தால், குடித்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்ப் பொறிகளாகக் கக்கும். இது என் துறை; நான் பாடம் நடத்திய விஷயம்.

"சரி. அன்றைக்கு ஏன் விண்மீனில் தொடங்கினாய்? கதவில் விதி ஒட்டியிருக்கிறதே?"

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நல்ல நாளும் அதுவுமாப் பூசையப் போட்டுப்போட்டு, ஒண்ணுமே இல்லாத எடத்தப் பாத்து வேலையத் தொடங்கலாமுங்களா? அதுதான் மொதல்ல நட்சத்திரத்தப் பாத்துப்போட்டு, அப்பறம் வெறும் எடத்தப் பாத்தேனுங்க. ரெண்டும் அரைமணி அரைமணிதானுங்க. ஒரு நிமிசங்கூடக் கொறைக்குலீங்க."

"இதையெல்லாம் பதிவேட்டில் ஏன் எழுதவில்லை?"

"பூசை வேலையில சேராதுங்களே. அது வேலைக்கு முந்தி. அதுவுமில்லாம..." என்று தயங்கினார்.

"அதுவுமில்லாமல்?"

"நீங்கதானுங்களே சரின்னு சொன்னீங்க. மொத அமாவாசைக்கு முந்தின நாளு உங்க ஊட்டுக்கு வந்து கேட்டேனுங்க. சூடம் காட்டிக்கலாமுங்களான்னு. 'வேலை நேரத்துக்கு முன்னாடி எதையாவது பண்ணித் தொலை, என்னை இதுல இழுக்காதே'ன்னீங்க. அதான் உங்கள இழுக்காம நாங்களே பண்ணிக்கிட்டோமுங்க."

சொன்னது உண்மை. நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது. மூட நம்பிக்கையைப் பற்றி ஒரு நிமிடம் யோசிப்பதே என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்த காலம் அது. எங்கே காட்டுவாய், எதற்குக் காட்டுவாய் என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவன் கேட்கவில்லை.

அன்று பிற்பகலே கொட்டகையின் கூரையை மூடி, இடுக்குகளில் கறுப்புத் துணி அடைத்து, சோதித்தோம். முதலில் பெட்டிகளை மூடியே வைத்து எண்ணினோம். பிறகு வாழவந்திக்காரர், தம் வழக்கப்படி, தட்டில் சூடம் ஏற்றி மூன்று முறை சுற்றினார். "சாமி கும்பிடாமச் சும்மா சுத்தறது ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். கும்பிட்டுக்கொள்ளும்படி தலைவி சொன்னார். அவர் கும்பிட்டார். மூடியை மாட்டி, மின்சாரத்தைக் கொடுத்தோம். மூடிய பெட்டிக்குள் விண்மீனும் இல்லை, வானமும் இல்லை. ஆனால் எண்கள் ஏறின. அரைமணிக்கும் மேலாகத்தான் அவை அடங்கின. அமாவாசைகளில் அந்த முதல் அரைமணி முழுவதும் விண்மீனின் கணக்கில் ஏறியிருந்தது. என் காமாக் கதிர் அங்கே, தட்டின் கரியில், முழுதாக இருந்தது.

"சார், உக்காருங்க" என்றார் தலைவி.

"நான் நின்றுகொண்டே இருக்கிறேன்."

அன்று மாலை முதல்வரை அழைத்தேன். விழாவை நிறுத்தும்படி சொன்னேன்.

"நிறுத்தறதாங்க சார்? ஃப்ளெக்ஸ் கட்டியாச்சுங்க. சால்வை, மொமெண்ட்டோ எல்லாம் வந்தாச்சுங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றாருங்க."

"கதிர் வரவில்லை. அது பிழை."

"அத அடுத்த மாசம் நிதானமாச் சொல்லிக்கலாமுங்க சார். இப்போதைக்கு அறிவியலோட சிறப்பப் பத்திப் பொதுவாப் பேசீருங்க. காமான்னா என்னான்னு அந்த ஹால்ல யாருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சார், நொம்பக் கறாரா இருக்கறீங்க" என்று சிரித்தார். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டார்.

அவரைவிட ஆபத்தான யோசனை எம்.டெக். பட்டதாரிகளிடமிருந்து வந்தது. குழுவின் அறிக்கையில் பிழையை விளக்கும் பத்தியை அவர்கள்தாம் எழுதினார்கள். 'உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த மதச்சடங்கு' என்று எழுதியிருந்தார்கள். அந்த அளவில் நிறுத்தியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். அறிக்கையைப் படிக்கும் வெளிநாட்டவர் புன்னகைத்திருப்பார்கள். இந்தியாவில் இப்படித்தான் என்று தலையை ஆட்டியிருப்பார்கள். வாழவந்திக்காரரின் வேலை போயிருக்கும். நான் கறாரானவனாகவே செத்திருப்பேன். ஆறு வார்த்தைகளில் இத்தனை வசதி. அந்தத் தாளை ஒரு நாள் முழுவதும் மேசைமீது வைத்திருந்தேன். அதில் கையெழுத்திட என் கை நீண்டது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை 'அனுமதியின்றி' என்பதை அடித்துவிட்டு, 'இடப் பொறுப்பாளரின் அனுமதியுடன்' என்று எழுதி, இடப் பொறுப்பாளரின் பெயரையும் போட்டேன். பெருந்தன்மை என்று யாரும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அந்த மனிதர் கேட்டார், விடை வாங்கினார், விடையின்படி நடந்தார். எம் குழுவில் அவ்வளவு முறையாக நடந்துகொண்ட வேறொருவரைக் காட்டுங்கள். என் பிழையை அவருக்கு இனாமாகக் கொடுக்க நான் யார்?

"சார், இவ்வளவு வேணுமா?" என்று தலைவி கேட்டார். "உங்க பேரு போடாம, அனுமதியுடன்னு மட்டும் விட்டுடலாமே."

"யாருடைய அனுமதி என்று நான் கருத்தரங்கில் எழுந்து கேட்பேன், அம்மா. என்னைப் போன்ற ஒருவன் எங்கேயாவது உட்கார்ந்திருப்பான்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். அந்த வரி அப்படியே இருந்தது.

விழாவுக்குப் போனேன். போகாமலிருந்தால் ஓடிவிட்டான் என்பார்கள். நான்கு வரியும் நானும் பத்தடி உயர ஃப்ளெக்ஸில் வாசலில் நின்றோம். படத்தில் எனக்குப் பின்னால் ஒரு ராக்கெட் பறந்தது, ஏனென்று தெரியவில்லை. சால்வை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியின் முன் நின்று, இந்த ஜோடியிலிருந்து காமாக் கதிர் எதையும் நாங்கள் காணவில்லை, கண்டதாக நினைத்தது சூடத்தின் வெளிச்சம், அதற்கு அனுமதி கொடுத்தவன் நான், ஆகவே இந்தச் சால்வைக்கு நான் உரியவனல்லன் என்று தெளிவாக, தமிழில், இடைவெளி விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அரங்கம் பலமாகக் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். நன்றியுரை சொன்ன விரிவுரையாளர், என் கண்டுபிடிப்பு வருங்காலத் தலைமுறைக்கு ஒளிகாட்டும் என்றார். கல்வியின் இன்றைய நிலை பற்றி நான் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அந்தக் கைதட்டலைவிடச் சிறந்த கட்டுரை எழுத என்னால் முடியாது. சால்வையை மேசைமீது மடித்துவைத்துவிட்டு வந்தேன். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அறிக்கை வைகாசியில் வெளியானது. கதிர் இல்லை; இருந்தால் இந்த அளவுக்கு மேல் இராது என்று ஓர் எல்லையைச் சொல்லும் அறிக்கை. இத்துறையில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். செய்தித்தாளுக்குத் திருத்தம் எழுதினேன், வெளியிடவில்லை. மறுபடி எழுதினேன். இடமில்லை என்றார்கள். பொய்க்கு அரைப்பக்கம் இருந்தது.

ஆகவே சந்தையிலும் தபால் நிலையத்திலும் நானே திருத்திக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் சேலம் போவதற்காக ஏற்காட்டுப் பஸ் நிலையத்தில் நின்றபோது, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க புரொபசரு, நட்சத்திரம் கண்டுபிடிச்சீங்களாமுங்க? பேப்பர வெட்டி வெச்சிருக்கறேனுங்க. எம்பட சம்சாரத்துக்கு ஒரே பெருமைங்க, நம்மூருக்காரருன்னு."

"அந்தப் பேப்பரைக் கிழித்துவிடுங்கள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை."

"நீங்க அப்பிடித்தானுங்க சொல்லுவீங்க. பெரியவங்க எப்பவுமே..."

"ஐயா, இது பணிவல்ல. தகவல்."

அவர் நம்பவில்லை. நான் அவரைச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்கினேன். ஜோடி எது, சுற்று எத்தனை நாள், குழாய் எப்படிப்பட்டது, சூடம் எங்கே காட்டப்பட்டது, கேட்டது யார், சரியென்றது யார். சேலம் பஸ் கிளம்பியது. நடத்துநர் படியில் நின்றபடி, "பெரியவரே, ஏறறீங்களா இல்லீங்களா?" என்று கத்தினார். நான் கையை அசைத்துப் போகச் சொன்னேன்.

"அடுத்த பஸ்ஸு ஒரு மணி நேரமாகுமுங்களே" என்று ரைட்டர் எழப்பார்த்தார்.

"தெரியும், உட்காருங்கள்" என்றேன். பாதிதான் சொல்லியிருந்தேன்.